எம்பாப்பேயின் ஒப்பந்தமும் பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றமும்

பாரிஸ் சென் ஜெர்மன் உதைபந்தாட்டக் கழகம் தனது முன்னாள் வீரர் கிலியன் எம்பாப்பேக்குச் சம்பளம் மற்றும் ஊக்கத்தொகை நிலுவையாகச் சுமார் 60 மில்லியன் யூரோ வழங்க வேண்டும் என்று 2025 டிசெம்பரில் பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பிணக்கு தொடங்கியது 2023 கோடையில். எவரை வைத்திருப்பது, எவரை விற்பது எனக் கழகங்கள் தீர்மானிக்கும் வேளை அது. எம்பாப்பேயின் ஒப்பந்தம் 2024 ஜூனில் முடிவடையவிருந்தது. மேலும் ஓராண்டு நீடிக்கும் உரிமை அவரிடமே இருந்தது. அதைப் பயன்படுத்தப் போவதில்லை என அவர் கடிதம் எழுதினார். 1995ஆம் ஆண்டின் பொஸ்மன் தீர்ப்புக்குப் பின்னர், ஒப்பந்தம் முடிந்த வீரருக்காகப் பழைய கழகத்துக்கு எதுவும் செலுத்த வேண்டியதில்லை. எனவே உடனே விற்பது, அல்லது ஒப்பந்தத்தை நீடிக்க வைப்பது என்பதே கழகத்தின் கணக்கு. ஜப்பான் பயணத்தில் அவர் சேர்க்கப்படவில்லை. ஓகஸ்டில் மீண்டும் அழைக்கப்பட்டார். 2024இல் ரியல் மட்ரிட் அவரை இலவசமாகவே பெற்றது.

மீண்டும் அழைக்கப்பட்டபோது, இலவசமாக வெளியேறினால் ஒரு தொகையை விட்டுக்கொடுக்க அவர் இணங்கினார் என்றது கழகம். அதற்குக் கையெழுத்திட்ட ஆவணம் இருக்கவில்லை.

இந்த நீதிமன்றம் லூயி பிளாங் வீதியில், லா சப்பல் தமிழ்க் கடைகளிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் உள்ளது. பியர்ஃபித்-சூர்-செய்னிலிருந்து ரயிலேறிவந்து பாரிஸ் உணவகங்களில் கோப்பை கழுவும் நம்மவர், சம்பளப் பாக்கிக்காக முறையிடும் இடமும் இதுவே.