பெலெக்காட்டும் சாரமும்: கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தித் துணியின் ஈர்ப்பு – ஒரு சொல்வழி வரலாறு

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, கைத்தறி, கைலி, சாரம், கடல் வணிகம்

சோழமண்டலக் கரையின் துணி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வண்ணம் தீட்டிய துணிகளையே பேசுகின்றனர். தீட்டிய துணி ஐரோப்பியர் இல்லங்களில் படுக்கைவிரிப்பாகவும் திரைச்சீலையாகவும் பேணப்பட்டுப் பின்னர் அருங்காட்சியகங்களை அடைந்தது. கட்டம் போட்ட கைத்தறித் துணியோ உடுத்தித் துவைத்துக் கிழிந்தபின் தொட்டில் துணியாகவும் கரித்துணியாகவும் முடிந்தது. எஞ்சிய பொருளை மட்டுமே சான்றாகக் கொண்டால், எளிய மக்கள் விரும்பி அணிந்த துணி வரலாற்றில் இடம்பெறாமலே போகும். எனவே இக்கட்டுரை இரு சொற்களைச் சான்றாகக் கொள்கிறது. ஒன்று இங்கிருந்து கடல் கடந்தது. மற்றொன்று அங்கிருந்து வந்தது.

மலாய் மொழியில் கட்டம் போட்ட பருத்திச் சாரத்துக்குக் ‘காயின் பெலெக்காட்’ என்று பெயர். காயின் என்பது துணி. பெலெக்காட் என்பது பழவேற்காடு. (ஒட்டுதலைக் குறிக்கும் ‘லெக்காட்’ என்னும் வேரிலிருந்தும் மலாயில் பெலெக்காட் என்றொரு சொல் உண்டு. ஒலியொப்புமையன்றி இரண்டுக்கும் தொடர்பில்லை.) பழவேற்காட்டில் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை நிறுவியது 1613இல். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் சோழமண்டலத் துணியைக் கொடுத்தே சரக்கு வாங்க முடிந்தமையால் அவர்கள் இக்கரைக்கு வந்தனர். எனினும் அவ்விருப்பத்தை அவர்கள் உருவாக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மலாக்காவில் இருந்த தோமே பீரெசு தம் ‘சுமா ஓரியென்டல்’ நூலில் பழவேற்காட்டு வணிகத்தைக் குறித்துள்ளார். 1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. துறைமுகம் தளர்ந்தது, துணியின் பெயர் மாறவில்லை. உள்நாட்டு ஊர்களில் நெய்யப்பட்ட துணி, கப்பலேறிய துறையின் பெயரையே தாங்கி நின்றது.

இவ்வளவு நீண்ட விருப்பத்துக்கு அடிப்படை என்ன? மலிவு மட்டும் என்று கூறுதல் போதாது. விடை நெசவிலேயே உள்ளது. அச்சிட்ட துணியில் நிறம் ஒரு முகத்தில் அழுந்தி மறுமுகத்தில் மங்கும். கட்டத் துணியில் நூலுக்கே முதலில் சாயமேற்றுவர்; நீலத்துக்கு அவுரி, சிவப்புக்குச் சாயவேர். பாவும் ஊடையும் குறுக்கிடுமிடத்தில் இரு நிறமும் கலந்து மூன்றாவதொன்று தோன்றும். ஆகவே துணிக்கு உள்முகம், வெளிமுகம் என்னும் வேறுபாடு இல்லை. தையலின்றி மடித்துச் செருகும் உடைக்கு இது பெருவசதி. மடிப்பு எப்படிப் புரண்டாலும் நிறம் ஒன்றே. பாவுக்கு ஏற்றிய கஞ்சி துவைக்கத் துவைக்க நீங்கித் துணி இளகும். புதியதைவிடப் பழையதே உடலுக்கு இதம். கைலி உடுத்தியவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை.

இனி மறுசொல். தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் வழங்கும் ‘சாரம்’, மலாயின் ‘சாரோங்’. துணி இங்கிருந்து ஊர்ப்பெயருடன் சென்றது. அதை இருமுனையும் மூட்டி உடுத்தும் உடைக்கு அங்குள்ள பெயர் இங்கு வந்தது. நெய்தவரும் உடுத்தியவரும் ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்ற இந்நிலையை ‘ஏற்றுமதி’ என்னும் ஒற்றைச் சொல்லால் குறிப்பது பொருந்தாது எனக் கருதுகிறேன்.

மதிப்பு மட்டும் இருகரையிலும் ஒன்றாக இல்லை. மலாய் முஸ்லிம்கள் பெலெக்காட் உடுத்திப் பள்ளிவாசலுக்குத் தொழச் செல்கின்றனர். தமிழகத்தில் பலருக்கும் கைலி வீட்டுக்குள் உடுத்துவது, அவைக்கு வேட்டி. ஒரே துணி இவ்வாறு இருநிலைப்பட்டது, நெய்தவர் வாழ்வையும் பாதித்திருக்க வேண்டும்.

1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின் கீழ்க் கைத்தறிக்கெனப் பதினொரு வகைகள் இன்று ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் லுங்கியும் ஒன்று. அச்சட்டம் செல்லுமென உச்சநீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. ஆயினும் கடைகளில் பெரிதும் கிடைப்பது விசைத்தறிக் கைலியே. குறிஞ்சிப்பாடியிலும் குடியாத்தத்திலும் கட்டங்களின் அளவுக்கும் நிற வரிசைக்கும் நெசவாளர் இடும் பெயர்களைத் தறியடியிலேயே கேட்டுத் தொகுப்பது இவ்வாய்வின் அடுத்த பணி.