அகழியில் விரித்த தொழுகை விரிப்பு: 1914–15இல் கடல் கடந்த முஸ்லிம் சிப்பாய்கள்

 

மதரஸாவில் அகழ்ப்போர் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகள் ஓரிடத்தில் மட்டும் அமைதியாகிவிடுவார்கள். பகைவரின் முற்றுகை கடுமையாக இருந்த ஒரு நாளில், நாயகம் (ஸல்) அவர்களுக்கும் தோழர்களுக்கும் அஸர் தொழுகை தவறிப்போய், சூரியன் மறைந்த பின்னரே அதை நிறைவேற்ற நேர்ந்தது என்ற செய்திதான் அது. சென்ற ஆண்டு ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், அதற்குப் பிறகும் முஸ்லிம்கள் அகழிக்குள் இருந்து போரிட்டதுண்டா? அப்போது எப்படித் தொழுதார்கள்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது நாம் சென்று சேர்ந்த இடம் பிரான்சு நாட்டின் வடக்கு எல்லை; காலம் முதல் உலகப் போர்.

மார்சேயில் இறங்கியவர்கள்

1914 செப்டம்பர் 22 இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டு வீசியது. தந்திரக்காரரை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கு நம் தமிழில் நிலைத்தது அன்றுதொட்டுத்தான். அதற்கு 4 நாள் கழித்து, செப்டம்பர் 26 அன்று, பிரிட்டிஷ் இந்தியப் படையின் முதல் அணிகள் பிரான்சின் மார்சேய் துறைமுகத்தில் இறங்கின. லாகூர், மீரட் ஆகிய இரு டிவிஷன்களைச் சேர்ந்த அவ்வீரர்களுள் பஞ்சாப் முஸ்லிம்களும் பட்டாணியர்களும் பெருந்தொகையினர்.

சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய். நிலம் பெருகாத குடும்பங்களின் இளையவர்கள் அந்த ரூபாய்க்காகவும், தந்தையும் பாட்டனும் இருந்த ரெஜிமென்ட் என்ற பெருமைக்காகவும் சேர்ந்தவர்கள். ஐரோப்பாவின் சண்டை எதற்காக மூண்டது என்பதை அவர்களுள் பெரும்பாலோர் அறிந்திருக்க வழியில்லை. வெப்ப நாட்டுக்குரிய மெல்லிய காக்கி உடையுடன் வந்திறங்கிய அவர்களை, அக்டோபர் முடிவதற்குள் பெல்ஜிய எல்லையின் சேற்று அகழிகள் ஏற்றுக்கொண்டன.

1914 அக்டோபர் 31 அன்று, பெல்ஜியத்தின் ஹோலபேக் அருகில், 129ஆம் பலூச்சி ரெஜிமென்டின் சிப்பாய் குதாதாத் கான், உடனிருந்த இயந்திரத் துப்பாக்கிக் குழுவினர் அனைவரும் மடிந்த பின்னரும், காயத்துடன் தனியே நின்று சுட்டார். ‘விக்டோரியா கிராஸ்’ விருது பெற்ற முதல் இந்திய வீரர் அவரே. அவ்வாண்டு துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் அதே வாரத்தில்தான் அமைந்தது. ஊரில் குர்பானி இறைச்சி பங்கிடப்பட்ட நாட்களில் அவர்கள் இருந்த இடம் அது.

உளூவும் சேறும்

இங்கே ஃபிக்ஹு பாடம் படித்தவர்கள் சற்று நிற்க வேண்டும். நூல்களில் நாம் ‘உதாரணம்’ என்று வாசித்துக் கடந்துபோகும் சட்டங்கள் அனைத்தும் அந்த அகழிகளில் ஒரே நாளில் உயிர்பெற்று எழுந்தன.

முதலாவது, தண்ணீர். குடிக்கும் நீரே இரவில் சுமந்து வரப்பட்ட இடத்தில் உளூவுக்கு நீர் எங்கே? அகழியின் அடியில் முழங்கால் வரை நின்ற நீரோ அசுத்தம் கலந்தது. தயம்மும் செய்யலாம் என்றால், அதற்குரிய உலர்ந்த மண் பனிக்காலத்து ஃபிளாண்டர்ஸில் அரிது. கையில் புழுதி ஒட்டும் மண் வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. மண் இனத்தைச் சேர்ந்த கல் முதலியனவும் போதும் என்பது ஹனஃபி மத்ஹபு. அச்சிப்பாய்களுள் மிகப் பெரும்பாலோர் ஹனஃபிகள். இமாம்களின் கருத்து வேறுபாடு அருளாக அமைவது இத்தகைய இடங்களில்தான்.

இரண்டாவது, கஸ்ர். பயணி ஓரிடத்தில் 15 நாட்கள் தங்க நாடினால் முழுமையாகத் தொழ வேண்டும் என்பது ஹனஃபி சட்டம். ஆனால் போர்முனையில் நிற்கும் படைக்கு, ‘இங்கே இத்தனை நாள் இருப்போம்’ என்னும் எண்ணம் தன் கையில் இல்லை. ஆகவே மாதக்கணக்கில் நின்றாலும் அதன் தொழுகை கஸ்ராகவே அமையும் என்று அம்மத்ஹபின் ஃபகீஹுகள் எழுதியுள்ளனர். அச்சத்தின்போது படை இரு பிரிவாகி, ஒரு பிரிவு காவல் நிற்க மற்றது தொழும் முறையை அந்நிஸா அத்தியாயத்தின் 102ஆம் வசனம் கற்பிக்கிறது. எதிரியின் நாட்டமும் குண்டும் எப்போதும் மேலே இருந்த அகழியில், தலை உயர்த்தி நிற்பதே ஆபத்து. அமர்ந்தும் சைகையாலும் தொழுவதற்கும் மார்க்கம் வழி வைத்திருக்கிறது.

மூன்றாவது, கிப்லா. பிறந்தது முதல் மேற்கு நோக்கியே தொழுதவர்கள் அவர்கள், நம்மைப் போலவே. பிரான்சில் நின்றபோது கஅபா அவர்களுக்குத் தென்கிழக்கில் இருந்தது. மக்காவைக் கடந்து அப்பால் வந்துவிட்டோம் என்பதை வரைபடம் பார்த்தறியாத சிப்பாய்க்கும் அவனுடைய முதல் தக்பீரே சொல்லியிருக்கும்.

உணவும் நோன்பும்

படைக்கு மாவு, பருப்பு, நெய், வெல்லம் முதலியன தனியாக வழங்கப்பட்டன. ஆடுகள் உயிருடன் கொண்டுவரப்பட்டு, முஸ்லிம்களுக்காக முஸ்லிம்களே அறுத்தனர். இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் அவரவர் முறையில் தனியே அறுக்கப்பட்டது. ஆட்சியாளர் இதில் காட்டிய கவனத்துக்கு அன்பு மட்டும் காரணமன்று. 1857இல் தோட்டாவில் தடவிய கொழுப்பு மூட்டிய தீயை அவர்கள் மறந்திருக்கவில்லை.

ஹிஜ்ரி 1333இன் ரமளான், 1915 ஜூலை 13ஐ ஒட்டிப் பிறந்தது. வட பிரான்சில் அப்பருவத்தில் சூரியன் உதித்து மறைய ஏறத்தாழ 16 மணி நேரம். ஸஹர் முடிவிலிருந்து கணக்கிட்டால் இன்னும் நீளம். பயணிக்கும் நோயாளிக்கும் நோன்பைப் பிற்படுத்த அல்லாஹ் அனுமதி அளித்துள்ளான். அந்த அனுமதியை ஏற்பதும் வணக்கமே. ஆயினும் பிற்படுத்திய நோன்பைக் களாச் செய்ய ஊர் திரும்ப வேண்டுமே! அதற்கு எத்தனை பேருக்கு ஆயுள் வாய்த்தது?

அரண்மனை மருத்துவமனையும் மையவாடியும்

காயமுற்றவர்கள் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இந்தியப் பாணிக் குவிமாடங்களும் மினாராக்களும் கொண்ட அந்நகரின் அரண்மனை, 1914 டிசம்பரில் இந்திய வீரர்களுக்கான மருத்துவமனையாக மாறியது. அங்கு 9 சமையற்கூடங்கள் அமைக்கப்பட்டன. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தண்ணீர்க் குழாய்கள் தனித்தனி. அறிவிப்புகள் உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில் இருந்தன. முஸ்லிம்கள் தொழுவதற்கு அரண்மனைப் புல்வெளியில் இடம் ஒதுக்கப்பட்டது.

நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றி சொல்வோம். ஆனால் வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அம்மருத்துவமனையின் படங்கள் இந்தியாவெங்கும் பரப்பப்பட்டன. புதிய ஆட்களைச் சேர்ப்பதற்கு அவை பயன்பட்டன. அதே நகரின் வேறொரு இந்திய மருத்துவமனையைச் சுற்றி முள்வேலியும் காவலும் இருந்தன. ஊருக்கு எழுதிய கடிதங்கள் தணிக்கை அதிகாரிகளால் படிக்கப்பட்டன. ஆகவே சிலர் இந்தியச் சிப்பாய்களைக் கருமிளகு என்றும் வெள்ளையரைச் செம்மிளகு என்றும் குறித்து, எந்த மிளகு அதிகமாகத் தீர்ந்துவருகிறது என்று எழுதினர். அக்கடிதங்களின் மொழிபெயர்ப்புப் பகுதிகள் இன்றும் லண்டனில் பாதுகாக்கப்படுகின்றன.

மருத்துவமனைகளில் இறந்த முஸ்லிம்கள் வோக்கிங் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். போபால் அரசி ஷாஜஹான் பேகம் அவர்களின் பொருளுதவியால் 1889இல் கட்டப்பட்ட பள்ளிவாசல் அங்கே உள்ளது. பெருநாள் தொழுகைக்கு இந்திய வீரர்களும் அங்கு வந்தனர். முஸ்லிம்களை முறைப்படி அடக்குவதில்லை என்று எதிர்த்தரப்பு செய்த பிரச்சாரத்துக்கு விடையாக, பள்ளிவாசலுக்கு அண்மையில் தனி மையவாடி ஒன்று அமைக்கப்பட்டது. முதல் உலகப் போரின் முஸ்லிம் வீரர்கள் 19 பேர் அங்கே அடக்கப்பட்டனர். 1960களின் இறுதியில், விஷமிகள் கபுறுகளைச் சேதப்படுத்தியதால், அவர்களின் உடல் எச்சங்கள் புரூக்வுட் இராணுவ மையவாடிக்கு மாற்றப்பட்டன. பழைய இடம் 2015 முதல் அமைதிப் பூங்காவாக உள்ளது.

இரு சகோதரர்கள்

இதுவரை சொன்னவை உடலின் சோதனைகள். உள்ளத்தின் சோதனை 1914 நவம்பரில் வந்தது. உஸ்மானியப் பேரரசு ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. இஸ்தான்புல்லிலிருந்து ஜிஹாத் பிரகடனமும் வெளியாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் எந்தக் கலீஃபாவுக்காக துஆ கேட்டனரோ, அவருக்கு எதிரான அணியில் நிற்பதைச் சிப்பாய்கள் அறிந்தனர். அரேபியாவின் புனிதத் தலங்கள் தாக்கப்படமாட்டா என்று பிரிட்டிஷ் அரசு உறுதி கூறியது. சிலர் அதை ஏற்றனர், சிலரால் இயலவில்லை. 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில் கலகம் செய்த 5ஆம் இலகு காலாட்படையின் முஸ்லிம் வீரர்களுக்குப் பல மனக்குறைகள் இருந்தன. துருக்கியருக்கு எதிராக அனுப்பப்படுவோம் என்ற அச்சம் அவற்றுள் ஒன்று. 47 பேர் பொதுமக்கள் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இந்தப் பிளவை ஒரே வீட்டுக்குள் காணலாம். மீர் மஸ்து, மீர் தஸ்து இருவரும் அஃப்ரீதி குலத்துச் சகோதரர்கள், இருவரும் ஜமேதார்கள். 1915 மார்ச் மாத ஆரம்பத்தில் ஓர் இரவு, மீர் மஸ்து தம் குலத்தார் சிலருடன் பிரெஞ்சு அகழியை விட்டு ஜெர்மானியர் பக்கம் போய்விட்டார். அடுத்த மாதம் 26ஆம் நாள், ஈப்ரு நகரருகே நச்சுப்புகை சூழ்ந்த களத்தில், மீர் தஸ்து காயமுற்ற அதிகாரிகள் எண்மரைக் குண்டுமழைக்கிடையே தூக்கிவர உதவினார். ஆகஸ்டில் பிரைட்டன் அரண்மனையில், மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அவருக்கு விக்டோரியா கிராஸை அணிவித்தார்.

மறுபக்கம், பெர்லினுக்குத் தெற்கே வுன்ஸ்டார்ஃபில் ‘பிறை முகாம்’ என்ற பெயரில் முஸ்லிம் கைதிகளுக்காக ஒரு முகாம் இருந்தது. அங்கே மரத்தால் ஒரு பள்ளிவாசல் கட்டி, 1915 ஜூலை 13 அன்று, ரமளான் பிறக்கும் வேளையில் திறந்தனர். தொழுகைக்காக ஜெர்மனி மண்ணில் எழுந்த முதல் பள்ளிவாசல் அதுவே. கைதிகளின் மனத்தை மாற்றித் தம் பக்கம் போரிடச் செய்வதே நோக்கம். தேவை முடிந்த பின் அதைப் பராமரிப்பார் இல்லை. 1920களின் நடுவில் இடித்துவிட்டனர். அருகிலுள்ள சேரன்ஸ்டார்ஃப் மையவாடியில் 206 இந்தியர்களின் கபுறுகள் எஞ்சியுள்ளன.

ஆக, இரு பேரரசுகளும் முஸ்லிமின் தொழுகையை மதித்தன. இரண்டும் அதற்கு விலையும் கேட்டன. ஆனால் பிரைட்டன் புல்வெளியிலும் வுன்ஸ்டார்ஃப் மரப்பள்ளியிலும் ஸஜ்தா செய்தவர்களின் நெற்றி தாழ்ந்தது மன்னருக்கோ கெய்ஸருக்கோ அன்று.

நமக்கான படிப்பினை

“அவர்கள் ஷஹீதுகளா, ஹஜ்ரத்?” என்று அதே மாணவர் மீண்டும் கேட்டார். நாம் உடனே விடை சொல்லவில்லை. எண்ணங்களை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. வறுமை துரத்தியவர், வாக்குக்குக் கட்டுப்பட்டவர், மறுத்து உயிர்விட்டவர், கடந்து சென்றவர் என ஒவ்வொருவரின் கணக்கும் அவனிடமே உள்ளது. குளிர் அறியாத நாற்காலியில் அமர்ந்து தீர்ப்பெழுத நமக்குத் தகுதியில்லை என்றே அப்பிள்ளையிடம் சொன்னோம். ஆனால் பிறருடைய போரில் பிறருடைய தேவைக்காக நம் பிள்ளைகள் மடிந்தனர் என்ற உண்மையை மென்மையாக்கிச் சொல்லவும் கூடாது.

நம் சமுதாயம் சபராளிகளின் சமுதாயம். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளும் கணவன்மாரும் இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. வேலைத்தளத்தில் தொழ இடமில்லை, நேரமில்லை என்று அவர்கள் தொலைபேசியில் சொல்லும்போது கடிந்துகொள்ளாதீர்கள். அகழியில் நின்றவனுக்கும் மார்க்கம் என்னென்ன வழிகளைத் திறந்து வைத்தது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். பயணம் புறப்படும் பிள்ளைக்கு ஊறுகாயும் மாசியும் கட்டித் தரும் தாய்மார்கள், தயம்மும், கஸ்ர் சட்டங்களையும் உடன் கட்டி அனுப்புங்கள்.

பிரான்சின் நூவ் ஷபேலில், 1927இல் எழுப்பப்பட்ட நினைவிடச் சுவரில், கபுறு இன்னதென்று அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றிடையே நம் பள்ளிகளில் அன்றாடம் ஒலிக்கும் பெயர்கள் பல: முஹம்மது, அப்துல்லாஹ், இப்ராஹீம். அவர்களுக்காக யாஸீன் ஓத அங்கே பிள்ளைகள் இல்லை. இன்று மஃரிபுக்குப் பின் நாம் கேட்கும் துஆவில் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

வல்ல ரஹ்மான் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, கபுறுகளை ஒளிமயமாக்குவானாக! தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகளின் ஈமானையும் உயிரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.