வில்லையும் விலையும்: முதுமைத் தொழில்நுட்பத்தை அளப்பது எப்படி?

முதியோருக்கான தொழில்நுட்பம் என்றதும் பேச்சு ரோபோக்களுக்கும், ஆள் விழுந்தால் மணியடிக்கும் கைக்கடிகாரங்களுக்கும் போய்விடுகிறது. சென்ற அரை நூற்றாண்டில் நம் முதியவர்களின் அன்றாடத்தை மிகுதியும் மாற்றியது கண்ணுக்குள் பொருத்தும், சுமார் 6 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் வில்லை என்பேன். அதன் வரலாறு ஒன்றை உணர்த்துகிறது: விலையும், நோயாளி வந்துசேரும் வழியும், பயனை அளக்கும் கோலும் ஒரு கருவியின் உறுப்புகளே.

போர் விமானிகளின் கண்ணில் தெறித்த பெர்ஸ்பெக்ஸ் பிளாஸ்டிக் சில்லுகள் அழற்சி உண்டாக்காமல் தங்கிவிடுவதைக் கண்ட கண் மருத்துவர் ஹரால்ட் ரிட்லி, 1949இல் லண்டனில் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். ஆனால் 1980களிலும் இந்தியக் கண் முகாம்களில் பெரும்பாலும் நடந்தது வேறு. கண்புரை படிந்த இயற்கை வில்லையை முழுதாக எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தனுப்பினார்கள். அதன் வழியே எல்லாம் ஏறத்தாழ கால் பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும். பக்கவாட்டுப் பார்வை மறையும். அதை அணிந்த பெரியவர்கள் படியில் காலைத் துழாவித் துழாவி இறங்கியதை அக்காலத்துப் பேரப்பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டுதான். பதிவேட்டிலோ அது வெற்றிகரமான அறுவை சிகிச்சை.

இந்த இடைவெளியை ஆராய்ந்தது மதுரையில் நடந்த உள்விழி வில்லை ஆய்வு. 40 முதல் 75 வயது வரையிலான, கண்புரையால் இரு கண்ணும் பாதிக்கப்பட்ட 3,400 பேரைக் குலுக்கல் முறையில் பழைய சிகிச்சைக்கும் வில்லை பொருத்தும் சிகிச்சைக்குமாகப் பிரித்தார்கள். 1998இல் வெளியான முடிவுகள் வில்லைக்குச் சாதகமாக இருந்தன. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர்கள் கேட்ட கேள்விகள். எழுத்துப் பலகையில் எத்தனை வரி படிக்கிறார் என்பதோடு நிற்காமல், தன் வேலையைத் தானே செய்துகொள்ள முடிகிறதா, நடமாட முடிகிறதா, நாலு பேரோடு பழக முடிகிறதா, மனச்சுமை குறைந்ததா என்றும் கேட்டு அளந்தார்கள். முதுமை குறித்த ஆய்வு என்றால் இதுதான்.

விலை அடுத்த தடை. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். இறக்குமதி வில்லை ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகாததால் 1992இல் ஆரோலேப் என்ற வில்லைத் தொழிற்சாலை உருவாயிற்று. சுமார் 10 டாலருக்கு அங்கே வில்லை தயாரானது.

அப்போதும் பலர் வரவில்லை. இலவசம் என்றாலும் பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் ஒருநாள் கூலி எல்லாம் வழிமறித்ததைத் தமிழக ஊர்களில் நடந்த ஆய்வுகள் காட்டின. பயமும் இருந்தது; ‘வயசானா அப்படித்தான்’ என்ற ஒதுக்கலும் இருந்தது. பிறகுதான் நோயாளிகளை அழைத்துவரும் வண்டியும் உணவும் சிகிச்சையின் பகுதியாயின. 2000களின் நடுவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் நோயாளி ஊரிலிருந்தே மருத்துவரோடு பேசும்படி, நெடுந்தூர வைஃபை வழியே கிராமக் கண் மையங்களைத் தேனி அரவிந்த் மருத்துவமனையோடு இணைத்தார்கள். அந்த வண்டியையும் வில்லையையும் நான் ஒரே தட்டில் வைக்கிறேன்.

இது வெறும் மருத்துவம், முதுமைத் தொழில்நுட்பம் ஆகாது என்பார்கள் சிலர். 2005இல் வெளியான நாட்டிங்காம் ஆய்வு அதற்கு விடை. 70 வயதைத் தாண்டிய 306 பெண்களில், முதல் கண்ணில் புரையை விரைந்து அகற்றிக்கொண்டவர்கள், காத்திருந்தவர்களைவிட 34 சதவீதம் குறைவாக விழுந்தார்கள். விழுந்தபின் மணியடிக்கும் கருவிக்கு முன்பே செய்யக்கூடியது இது.

காது கேட்கும் கருவியை இதே கோலால் அளந்தால் நிலைமை வேறு. வில்லையை ஒருமுறை வைத்தால் போதும். காதுக் கருவியையோ ஆளுக்கேற்ப மறுபடி மறுபடி சரிசெய்ய வேண்டும், பேட்டரி மாற்ற வேண்டும், இரைச்சலுக்குப் பழக வேண்டும். விலைச்சீட்டில் இவை எதுவும் இல்லை. அதனால்தான் பல வீடுகளில் அது அலமாரியில் கிடக்கிறது, தாத்தா திண்ணையில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்.