ஆளி, யாளி ஆன வழி

மணற்குழியைத் தோண்டி விளையாடும் அண்ணன் தங்கைகளுக்கு முன்னால் ஒரு பிராணி எழுந்து வருகிறது. நத்தைபோல் நீண்ட கொம்பு நுனியில் கண், வௌவால் காது, குரங்குக் கைகால். இங்கிலாந்து எழுத்தாளர் இ. நெஸ்பிட் 1902இல் வெளியிட்ட ‘ஐந்து குழந்தைகளும் அதுவும்’ நாவல் இப்படித்தான் சூடு பிடிக்கிறது. தலைப்பில் அது வெறும் ‘அது’. கதைக்குள் அதன் பெயர் ‘சாமியாட்’. கிரேக்கத்தில் மணலுக்குச் ‘சம்மோஸ்’ என்று பெயர். நீர்த் தேவதை நயாட், மரத் தேவதை டிரையாட் என்ற பழைய அச்சில் மணலைப் போட்டு வார்த்து எடுத்த புதுப்பெயர் அது. நூறு ஆண்டு கழித்து, 2003இல் ஹாலி பிளாக்கும் டோனி டிடெர்லிஸியும் தொடங்கிய ‘ஸ்பைடர்விக்’ வரிசையில் ஜாரெட், சைமன், மல்லோரி என்ற மூன்று உடன்பிறப்புகள் வீட்டைச் சுற்றி ஒளிந்திருக்கும் பிராணிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே பெயரை உருவாக்கும் வேலையே இல்லை. கழுகுத் தலையும் சிங்க உடலுமாக ஒன்று வருகிறது. கிரிஃபின் என்றால் ஐரோப்பியப் பிள்ளைக்குத் தெரியும். ஹாரி பாட்டர் புண்ணியத்தில் நம் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இந்த மாதிரி நாவல் ஒன்றைத் திருவண்ணாமலையில் வைத்து எழுதினால், பிள்ளைகள் குழி தோண்ட வேண்டாம். அந்த ஊரில் ஒளிந்திருப்பவை கல்லிலிருந்துதான் வெளிப்படும். 217 அடி ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் வலப்புறம் ஆயிரங்கால் மண்டபம். இடப்புறம் கம்பத்து இளையனார் சந்நிதி. அருணகிரிநாதர் அழைக்க, அரசன் கண்முன் முருகன் தூணில் காட்சி கொடுத்த இடம் என்பது ஐதிகம். ‘கம்பம்’ தூண், ‘இளையனார்’ இளையவர், அதாவது பிள்ளையாரின் தம்பி. உடன்பிறப்பு உறவும் தூணில் ஒளிந்திருப்பதும் ஒரே பெயருக்குள் இருக்கின்றன. அதே அருணகிரியார் கிளியுருவில் தங்கிய கோபுரம் என்பதால் உள்ளே இன்னொன்றுக்குக் கிளி கோபுரம் என்று பெயர்.

கிளியும் தெய்வமும் இருக்கட்டும். பிள்ளைகள் கோயிலில் முதலில் கை வைப்பது யாளி மீது. சிங்க உடல், பிதுங்கிய கண், சுருண்ட பிடரி, சில சமயம் யானைத் துதிக்கை. பல கோயில்களில் அதன் வாய்க்குள் உருண்டைக் கல் ஒன்று கிடக்கும். விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. ஒரே கல்லிலிருந்து, பல்லுக்குப் பின்னாலேயே வைத்துச் செதுக்கிய உருண்டை அது. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் விரல் விட்டு அந்த உதடு எண்ணெய்ப் பளபளப்பு ஏறிப்போயிருக்கும்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? சிற்ப நூல் படித்தவர்கள் உடனே ‘வியாளம்’ என்பார்கள். வடமொழியில் அதற்குக் கொடிய விலங்கு, மதம் பிடித்த யானை, பாம்பு என்று பல பொருள் உண்டு. வியாளம் தேய்ந்து யாளி ஆயிற்று என்பது அவர்கள் கணக்கு. தமிழ்ப் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு அவ்வளவு நேராக வருவதில்லை. காரணம், சங்க நூல்களில் ‘ஆளி’ என்று ஒரு விலங்கு உலவுகிறது.

அது மாய விலங்காக அங்கே வரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர், தலைவன் இரவில் வரும் வழியின் ஆபத்துகளை அடுக்குகிறார். ஆளி நிற்பது புலிக்கும் கரடிக்கும் நடுவில். அதற்கென்று தனி வியப்போ முன்னுரையோ கிடையாது. காட்டு வழியில் எதிர்ப்பட்டால் உயிருக்கு உலை வைக்கும் இன்னொரு மிருகம், அவ்வளவுதான். அகநானூற்றில் அது யானையைத் தாக்கித் தந்தத்தைப் பிடுங்குகிறது. உண்மையில் அப்படியொரு மிருகம் இருந்ததா, சிங்கத்தைக் கேள்விப்பட்டு எழுதியதா என்பது வேறு வழக்கு. ‘யாளிதான் தமிழனின் டைனோசர்’ என்று காணொளி போடுபவர்கள் அந்த வழக்கை நடத்தட்டும். பெயரின் வரலாற்றுக்கு வேண்டியது ஒன்றுதான்: கவிஞனுக்கு அது காட்டில் இருந்தது. காட்டிலிருந்து அது தொலைந்து கல்லுக்குப் போன பிறகுதான் மாயம் வந்து ஒட்டிக்கொண்டது.

சரி, ஆளிக்கு முன்னால் யகரம் எப்படி வந்தது?

தமிழில் யகரம் முன்னால் வருவதைவிட உதிர்ந்து போவதே வழக்கம். யாறு ஆறானது, யாண்டு ஆண்டானது, யாடு ஆடானது, யாமை ஆமையானது. பேச்சில் யானைகூட ஆனைதான். இந்த வரிசையில் வைத்தால் யாளி மூத்தது, ஆளி இளையது என்று ஆகும். ஆனால் சங்கப் பாடல்களில் நன்றாக வேரூன்றியிருக்கும் வடிவம் ஆளி. பெரும்பாணாற்றுப்படையில் ஒரு யாளி வருகிறது. கரும்பாலை எந்திரத்தின் ஓயாத இரைச்சலுக்கு, அது பாய்ந்ததும் யானைக் கூட்டம் கலைந்து பிளிறும் ஒலியை உவமை சொல்கிறார் உருத்திரங்கண்ணனார். அந்த இடத்தில் முந்தைய சொல் ‘உடை’ என்று ஐகாரத்தில் முடிகிறது. ஐகாரத்துக்குப் பின் ஆகாரம் வந்தால் இடையில் யகரம் தானாக உடம்படுமெய்யாக வரும். ஓலையில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றும்வரை, அது ஆளியா யாளியா என்பதைப் படிப்பவர்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு உயிருள்ள உதாரணம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வாழும் பழங்குடி மக்களின் பெயர் மலையாளி. கேரளத்தவரை நாம் அழைக்கும் பெயரும் அதே எழுத்துகள்தான் என்றாலும் இவர்கள் வேறு. மலை, ஆளி, நடுவில் உடம்படுமெய். முதலாளி, பங்காளி, கூட்டாளி ஆகியவற்றில் வரும் அந்த ‘ஆளி’, ‘ஆள்’ என்ற வேரிலிருந்து வந்தது. இதையே ‘மலை யாளி’ என்று பிரித்துவிட்டால் ஒரு மக்கள் கூட்டம் தூண் சிற்பம் ஆகிவிடும். எழுத்து அதேதான், இடைவெளி ஒன்று தடம் மாறியிருக்கும். காட்டு ஆளிக்கும் இப்படி ஒரு இடைவெளி தவறி, யகரம் நிரந்தரமாக ஒட்டியிருக்க வாய்ப்புண்டு என்பது என் எண்ணம். வடமொழி வியாளமும் சிற்பிகளின் பட்டறையில் அதற்குத் துணை நின்றிருக்கலாம். இரண்டு ஓடைகளும் ஒரே வாய்க்காலில் விழுந்திருக்கின்றன.

விசயநகர, நாயக்கர் கால மண்டபங்களின் முகப்புத் தூண்களைப் பார்த்தால் பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் யாளிக்குக் கீழே பெரும்பாலும் ஒரு யானை நசுங்கிக் கிடக்கும். அகநானூற்றுக் காட்சி கல்லில் தொடர்கிறது என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். ஆனால் கோணார்க்கிலும் சிங்கத்தின் காலடியில் யானைதான். இதை மட்டும் காட்டி யாளிக்குத் தமிழ்ப் பட்டா எழுதிவிட முடியாது. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் யாளித் தலைகள் வளைந்து சூழ்ந்த பல்லவர் குடைவு ஒன்று உண்டு. ஊரார் வைத்த பெயர் புலிக்குகை. சிற்ப நூலைப் பற்றி அவர்களுக்குக் கவலையில்லை. பல்லைக் காட்டினால் புலி.

இன்னொரு குழப்பம், ‘யாழி’ என்று எழுதி யாழ் என்ற இசைக்கருவியோடு முடிச்சுப் போடுவது. யாழின் தண்டு முனையில் யாளி முகம் செதுக்கினார்கள் என்ற செய்தி இதற்குத் தூண்டுதல். ழகரமும் ளகரமும் நம் காலத்து நாக்கில் கலந்துவிட்டன. பழைய நூல்களில் கலக்கவில்லை. யாழ் யாழ்தான், ஆளி ஆளிதான்.

யகரம் இல்லாத வடிவம் இன்று விலங்கைக் குறிப்பதில்லை. மளிகைக் கடையில் ‘ஆளி’ என்று கேட்டால் ஆளி விதைப் பொட்டலம் வரும், மலச்சிக்கலுக்கு நல்லது. இலங்கைத் தமிழ்ப் பாடநூலில் ஆளி என்றால் மின்விளக்கு போடும் சுவிட்ச். அதனால் நாவல் எழுதுபவர் ‘ஆளி பாய்ந்தது’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை மின்கசிவு என்று நினைக்கும். யாளிதான் பாதுகாப்பான வடிவம்.

குட்டி யாளி வந்தால் அதை என்னவென்று சொல்வது? உடன்பிறப்புகள் கதை என்றால் குட்டி வராமல் இருக்காது. முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படையில் இதற்கு விடை வைத்திருக்கிறார். இளமையிலேயே வெண்ணியில் வென்ற கரிகாலனுக்கு அவர் காட்டும் உவமை, பால்குடி மறக்குமுன் முதல் வேட்டையிலேயே களிற்றைக் கொன்ற ஆளியின் குட்டி. அங்கே அவர் போடும் சொல் ‘குருளை’. தொல்காப்பிய மரபியல் குருளை என்ற பெயரை நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிக்கு ஒதுக்குகிறது. யானைக்குக் கன்று. ஆக, அவர் ஆளியை வைத்த கூண்டு புலியின் கூண்டு. சிம்ம யாளிக்கு இதில் சிரமமில்லை. துதிக்கையோடு பிறந்த கஜ யாளிக் குட்டியைக் கன்று என்பதா, குருளை என்பதா என்றுதான் அண்ணனும் தங்கையும் சண்டை போடுவார்கள். முகத்தைப் பார்த்தால் கன்று. நகத்தைப் பார்த்தால் குருளை. தங்கை குருளை என்றால் நான் அவள் கட்சி.