நம் நாவில் நின்ற வெள்ளி

கடையில் "ரெண்டு வெள்ளி" என்கிறோமே, ஏன் வெள்ளி? 1903இல் வெளிவந்த நீரிணைக் குடியேற்ற டாலர் மெய்யாகவே வெள்ளிக்காசு. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. முன்பு புழங்கிய மெக்சிகோ டாலரும் வெள்ளிதான். பெயர் நிலைத்தது, உலோகம் கரைந்தது. மலாயாப் பத்துக் காசில் 1941இல் முக்கால் பங்கு வெள்ளி, 1943இல் பாதி, 1948இல் செம்பும் நிக்கலுமே! அளவும் மதிப்பும் மாறாததால், சில்லறையில் வெள்ளியைக் கண்டுபிடிக்க ஆண்டைத்தான் பார்க்கணும்.

எங்கள் பாட்டி பால் டின்னில் 1945ஆம் ஆண்டுக் காசுகள் ஏழெட்டு வைத்திருந்தார். பளபளக்கட்டுமே என்று அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மன்னர் முகமே மழுங்கிப் போச்சு! உங்கள் வீட்டு டின்னையும் கவிழ்த்துப் பாருங்க. தேய்த்துவிடாதீங்க.