மருத்துவச்சிகளின் மேற்பார்வை: பைச் சோதனை முதல் மீள்சிந்தனை வரை

ஒரு பிரசவம் சிக்கலாக முடிகிறது. அதைப் பார்த்த மருத்துவச்சிக்கு மனதில் ஓர் உறுத்தல். எங்கோ தாமதித்துவிட்டோமோ என்று தோன்றுகிறது. இதை அவர் யாரிடம் மனம்விட்டுச் சொல்வார்? கேட்பவரே நாளை தன்மேல் விசாரணை நடத்தக்கூடியவர் என்றால் சொல்வாரா? இங்கிலாந்தில் மருத்துவச்சிகளுக்கான மேற்பார்வையின் வரலாறு இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு எனலாம்.

1902ஆம் ஆண்டுச் சட்டம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் யார் வேண்டுமானாலும் பிரசவம் பார்க்கலாம் என்ற நிலை இருந்தது. பேறுகாலக் காய்ச்சலால் தாய்மார்கள் பலர் இறந்தனர். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1902இல் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் மருத்துவச்சிகள் சட்டம் நிறைவேறியது. மத்திய மருத்துவச்சிகள் வாரியம் அமைக்கப்பட்டது, பதிவேடு தொடங்கப்பட்டது. 1905 முதல் பதிவு பெறாதவர் 'மருத்துவச்சி' என்று சொல்லிக்கொள்ள முடியாது. 1910 முதல், மருத்துவரின் வழிகாட்டுதல் இல்லாமல், பதிவு பெறாத பெண்கள் கூலிக்குப் பிரசவம் பார்ப்பதைத் தொழிலாகக் கொள்ளவும் தடை வந்தது.

மேற்பார்வைப் பொறுப்பு உள்ளாட்சி அமைப்புகளிடம் கொடுக்கப்பட்டது. அவை அனுப்பிய ஆய்வாளர்கள் மருத்துவச்சியின் வீட்டுக்கே வந்து பையைத் திறந்து பார்த்தனர். கருவிகள் சுத்தமாக உள்ளனவா, பதிவேடு எழுதப்பட்டுள்ளதா, உடை தூய்மையாக உள்ளதா என்று சோதித்தனர். நோய்த்தொற்றைத் தடுக்க இது தேவையாகவே இருந்தது. ஆனால் ஆய்வாளர்களில் பலருக்குப் பிரசவம் பார்த்த அனுபவமே கிடையாது. மருத்துவச்சிகளோ பெரும்பாலும் ஏழை உழைக்கும் பெண்கள். ஆகவே மேற்பார்வை என்றாலே அச்சம் என்றாயிற்று.

ஆய்வாளர் மேற்பார்வையாளரானார்

1936ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள் மூலம் சம்பளத்துடன் கூடிய மருத்துவச்சிச் சேவையை உருவாக்கியது. அடுத்த ஆண்டே, ஆய்வாளர் என்ற பெயரை மாற்றி மேற்பார்வையாளர் என்று அழைக்கவும், அவர் குற்றம் காண்பவராக இல்லாமல் ஆலோசகராகவும் தோழியாகவும் இருக்கவும் சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. பிற்காலத்தில் பிரசவங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மாறியபோது மேற்பார்வையும் அங்கே சென்றது. ஒவ்வொரு மருத்துவச்சிக்கும் ஒரு மேற்பார்வையாளர், ஆண்டுக்கு ஒருமுறையாவது சந்திப்பு என்ற முறை நிலைபெற்றது.

மீள்சிந்தனையின் வருகை

1983இல் அமெரிக்க அறிஞர் டொனால்ட் ஷோன் தொழில்முறையாளர்களின் சிந்தனை பற்றிய தம் நூலை வெளியிட்டார். பாடநூல் அறிவு மட்டும் ஒருவரைத் தேர்ந்தவராக்காது. செய்யும்போதே சிந்திப்பதும், செய்து முடித்தபின் திரும்பிப் பார்ப்பதும் வேண்டும் என்பது அவர் கருத்து. 1988இல் கிரஹாம் கிப்ஸ் இதை ஆறு படிகள் கொண்ட ஒரு சுழற்சியாக வகுத்தார். என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்று எது தீது, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்த முறை என்ன செய்வேன் என்பவையே அப்படிகள்.

பிரசவத்துக்குப் பின் ஒரு தாய்க்கு இரத்தப்போக்கு அதிகமாகிறது என்று வைத்துக்கொள்வோம். "மருத்துவரை ஏன் உடனே அழைக்கவில்லை?" என்பது பழைய ஆய்வாளரின் கேள்வி. "அந்த நேரத்தில் எதைப் பார்த்தீர்கள், எது உங்களைத் தயங்க வைத்தது?" என்பது மீள்சிந்தனையின் கேள்வி. முதல் கேள்விக்குத் தற்காப்பே பதிலாக வரும். இரண்டாவதில்தான் உண்மை வெளிவர வாய்ப்புண்டு.

ஒரே நாற்காலியில் இருவர்

ஆனால் ஒரு முரண்பாடு தீரவில்லை. ஆதரவு தர வேண்டிய அதே மேற்பார்வையாளர்தான் தவறு நேர்ந்தால் விசாரணையும் நடத்தினார். பெரும்பாலும் அவர் அதே மருத்துவமனையில் வேலை செய்பவர். இதனால் மருத்துவச்சிகள் மனம் திறக்கத் தயங்கினர். மறுபுறம், சக ஊழியரே நடத்தும் விசாரணையைக் குடும்பங்கள் நம்ப முடியவில்லை.

வடமேற்கு இங்கிலாந்தின் ஃபர்னஸ் பொது மருத்துவமனையில் நேர்ந்த மரணங்கள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. மேற்பார்வையையும் ஒழுங்குமுறையையும் பிரிக்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் பரிந்துரைத்தார். 2015இல் வெளியான பில் கிர்கப்பின் அறிக்கை, முறையான கவனிப்பு இருந்திருந்தால் 11 குழந்தைகளின் மரணத்தையும் ஒரு தாயின் மரணத்தையும் தவிர்த்திருக்கலாம் என்றது.

2017 வசந்தத்தில், 1902இல் தொடங்கிய சட்டபூர்வ மேற்பார்வை முடிவுக்கு வந்தது. இங்கிலாந்தில் ஆலோசனை தரும் மூத்த மருத்துவச்சிகளைக் கொண்ட 'எ-எக்விப்' என்ற புதிய முறை தொடங்கியது. வேலையின் மனச்சுமையைப் பேசி இறக்கிவைக்க உதவுவது அவர்கள் பணிகளில் ஒன்று. ஒழுங்கு நடவடிக்கை அவர்கள் கையில் இல்லை. மேலும் 2016 முதல், மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஐந்து மீள்சிந்தனைக் குறிப்புகள் எழுதி, அவற்றை இன்னொரு பதிவு பெற்றவருடன் கலந்துபேச வேண்டும் என்பதும் விதியாயிற்று.

மீள்சிந்தனை விசாரணைக்கு மாற்று ஆகாது. இறந்த குழந்தையின் பெற்றோருக்கு விசாரணை வேண்டும்; அடுத்த தாயைக் காக்க மீள்சிந்தனை வேண்டும். இரண்டையும் ஒருவரிடமே ஒப்படைத்தால் இரண்டுமே கெடும் என்பதுதான் இந்த வரலாறு தரும் பாடம்.