தலைக்கட்டு வரியும் தொண்ணூறு நாள் கையெழுத்தும்

"ஏல, அங்க ஒரு நாள் சாப்பாட்டுக்கு ஆவுற துட்டுல இங்க ஒரு வாரம் ஓட்டிரலாம்" என்றார் சித்தப்பா. இருபத்தைந்து ஆண்டு துபாய் வாழ்க்கையை முடித்துக்கொண்டு 2022இல் ஏரலுக்குத் திரும்பியிருந்த முதல் வாரம் அது. ஆறு மாதம் கழித்து அதே திண்ணையில் உட்கார்ந்து, "துட்டு எங்க போவுதுன்னே பிடிபட மாட்டேங்கு" என்றார். இரண்டு முறையும் அவர் சொன்னது உண்மைதான். ஒரே ஊர் ஒரே மனிதருக்கு ஆறு மாதத்துக்குள் மலிவாகவும் செலவு பிடிப்பதாகவும் ஆனது எப்படி என்று யோசித்தபோதுதான், வேறொரு கடற்கரை ஊரின் கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

அந்த ஊர் தாய்லாந்தின் ஹுவா ஹின். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். பிரிட்டன், சுவீடன், நார்வே, ஜெர்மனி என்று குளிர்நாடுகளிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் வந்து தங்கும் ஊர். நம் பக்கத்துக்குத் தாய்லாந்து அப்படியொன்றும் அந்நியமில்லை. ஏரலிலிருந்து அதிக தூரமில்லாத காயல்பட்டினத்தார் ரத்தினக்கல் வியாபாரத்துக்காகப் பாங்காக் போனவர்கள். அங்கே சிலோம் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அவர்கள் சம்பாதிக்கப் போனவர்கள். ஹுவா ஹின்னுக்கு வரும் வெள்ளைக்காரர் வேறெங்கோ சம்பாதித்ததைச் செலவழிக்க வருகிறார். அந்த வகையில் அவருக்குச் சரிசமம் என் சித்தப்பாதான். இருவரும் விலை கூடிய நாட்டில் உழைத்து, விலை குறைந்த ஊரில் மிச்ச நாளைக் கழிக்க வந்தவர்கள்.

சாப்பாட்டில் தொடங்கலாம். ஹுவா ஹின் தெருக்கடையில் ஒரு தட்டுச் சோறும் குழம்பும் ஐம்பது அறுபது பாட்டுக்குக் கிடைக்கும். ஒரு பாட் இரண்டரை ரூபாய்க்கு மேல். ஏரலில் அளவுச் சாப்பாடு அதைவிடக் குறைவு. ஆனால் இந்த விலை, ஊர் தின்பதைத் தின்பவனுக்கு. பாலாடைக்கட்டியும் ஒயினும் கேட்கும் ஆங்கிலேயருக்கு வரியெல்லாம் சேர்ந்து, சொந்த ஊரைவிடக் கூடுதலாகவே பிடுங்கிவிடும். சித்தப்பா கதையும் இதுதான். புன்னைக்காயல் பக்கத்து மீனும் ஆத்தூர் வெற்றிலையும் உடன்குடிக் கருப்பட்டியும் ஏரல் கடைத்தெருவில் கைக்கெட்டும் விலையில் கிடைத்தன. ஆனால் அவர் வீட்டில் மூன்று அறைக்கு ஏசி, இன்வெர்ட்டர், குடிக்க கேன் தண்ணீர், பேரப்பிள்ளைகள் வந்தால் தூத்துக்குடிக்குக் கார். துபாய் அவர் உடம்பில் ஏற்றிவிட்ட பழக்கங்கள் ஏரல் விலைக்குள் அடங்கவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஐம்பது டிகிரி வெயிலில் இருபத்தைந்து வருடம் நின்ற மனிதர் ஏசி போட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது நாணயமாற்று. இதுதான் இருவரையும் தாங்கும் தூண். இதில்தான் இருவருமே அடி வாங்கினார்கள். 1997 ஜூலை 2ஆம் தேதி தாய்லாந்து தன் நாணயத்தை மிதக்கவிட்டது. டாலருக்கு 25 பாட் என்றிருந்தது அடுத்த ஜனவரியில் 50ஐத் தாண்டியது. தாய்லாந்துக்காரருக்கு அது பேரிடி, டாலரும் பவுண்டும் வைத்திருந்தவருக்கு யோகம். யோகம் நிலைக்கவில்லை. 2005இல் ஒரு பவுண்டுக்கு 70 பாட்டுக்கு மேல் கிடைத்தது. 2019இல் 40ஐ ஒட்டித்தான். மாதம் ஆயிரம் பவுண்டு ஓய்வூதியக்காரரின் வருமானம், அவர் ஒரு தப்பும் செய்யாமலே, எழுபதாயிரம் பாட்டிலிருந்து நாற்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு, தாய்லாந்தில் வசிப்பவருக்குப் பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் உயர்வதில்லை. இந்தியாவில் வசித்தாலும் அதே கதிதான்.

சித்தப்பாவுக்கு நாணயம் வேறு விதமாக விளையாடியது. திர்ஹம் டாலரோடு கட்டிப்போடப்பட்ட காசு. 1997இல் அவர் போனபோது ஒரு திர்ஹம் பத்து ரூபாய்க்குப் பக்கம். திரும்பியபோது இருபதைத் தாண்டியிருந்தது. ரூபாய் இறங்க இறங்க அவர் அனுப்பிய பணம் ஊரில் ஏறியது. வீடு எழும்பியது, இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது. திரும்பிவந்த அன்றோடு அந்த ஏணி போயிற்று. ஓய்வூதியம் கிடையாது, வளைகுடா நாடுகள் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அதைக் கொடுப்பதில்லை. அடிப்படைச் சம்பளத்தை வைத்து, முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதன் பிறகு ஆண்டுக்கு 30 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கும் பணிக்கொடை ஒன்றுதான். வெள்ளைக்காரருக்குச் சிறுத்தாலும் மாதாமாதம் ஒன்று வருகிறது. சித்தப்பாவோ சேமித்த பணத்தைத்தான் தின்கிறார்.

இதுவரை சொன்னதெல்லாம் விலைப்பட்டியலில் தெரிகிற செலவு. ஒரு ஊரில் இருப்பதற்கே ஆகும் செலவு பட்டியலில் வராது. இரண்டு ஊரும் பிரிவது அங்கேதான்.

ஹுவா ஹின்னில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஐம்பது வயதாகியிருக்க வேண்டும். தாய்லாந்து வங்கியில் எட்டு லட்சம் பாட் வைப்பு, இல்லையென்றால் மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். எட்டு லட்சம் பாட் நம் காசில் இருபது லட்சத்துக்கு மேல். விசா நீட்டிப்புக்கு முன்னும் பின்னும் சில மாதம் அதைத் தொடக் கூடாது. மற்ற மாதங்களிலும் இருப்பு நாலு லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. தன் பணத்தைத் தானே தொடாமல் வைத்திருப்பதும் ஒரு செலவுதான். தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை குடிவரவுத் துறைக்குத் தன் முகவரியைச் சொல்லியாக வேண்டும். நிலம் வாங்க முடியாது. அடுக்ககத்தில் வீடு வாங்கலாம், அதுவும் கட்டடத்தின் மொத்தப் பரப்பில் வெளிநாட்டார் பங்கு 49 விழுக்காட்டைத் தாண்டாத வரை. 2002 முதல் தாய்லாந்துக் குடிமக்களுக்கு முப்பது பாட்டில் கிடைக்கும் மருத்துவம் அவருக்குக் கிடையாது. தனியார் காப்பீடு எடுக்க வேண்டும், வயது ஏற ஏறத் தவணையும் ஏறும். எழுபத்தைந்து வயதில் இடுப்பெலும்பு முறிந்தவருக்கு அந்த ஊர் மலிவான ஊரில்லை.

ஏரலில் சித்தப்பாவிடம் யாரும் வங்கிக் கணக்கைக் காட்டச் சொல்லவில்லை. வெளிநாட்டில் இருந்தவரை விவசாய நிலம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை, பூர்வீகமாக வந்தால்தான் உண்டு. திரும்பி வந்தபின் அந்தத் தடையும் போயிற்று. ஆற்றுப்பாசனத்தில் கொஞ்சம் வாழை போட்டார். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் மின்சாரம் இலவசம். சித்தி டவுன் பஸ்ஸில் காசு கொடுக்காமல் போய்வருகிறார். அரசு மருத்துவமனையில் கதவு திறந்திருக்கிறது. ஏரலின் மலிவில் பாதி கடைக்காரன் தருவது, பாதி அரசு தருவது. ஹுவா ஹின்னில் அரசின் பாதி வெளிநாட்டவருக்கு இல்லை.

அப்புறம் சித்தப்பாவின் துட்டு எங்கே போயிற்று? சித்தி ஒரு நாள் பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். ஓராண்டில் பதினேழு கல்யாண மொய், நான்கு சடங்குச் செய்முறை, மூன்று பால்காய்ப்பு. ஊர்க்கோயில் கொடைக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. வரி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனாலும் "வெளிநாட்டுக்காரர்" என்பதால் வில்லுப்பாட்டுச் செலவும் இவர் பேரில் எழுதப்பட்டது. அக்காள் மகன் காலேஜ் பீஸ். கைமாற்று வாங்கிய இரண்டு பேர் கைமாற்றாகவே வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரர் அந்நியராக இருப்பதற்குக் கொடுக்கிறார், சித்தப்பா உறவாக இருப்பதற்குக் கொடுக்கிறார். முன்னது விதிப்புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்து, வேண்டாமென்றால் வேறு நாட்டுக்குப் போகலாம். பின்னதை எவரும் எழுதி வைக்கவில்லை, மறுக்கவும் முடியாது. மாதச் செலவை மட்டும் ஒப்பிட்டால் சித்தப்பாவின் பாரமே கூடுதல் என்று எனக்குப் படுகிறது.

இரண்டு ஊரிலும் இவர்கள் வருவதற்கு முன்பே இருப்பவர்களையும் பார்க்க வேண்டும். 2013இல் தாய்லாந்து நாடு முழுவதற்கும் குறைந்தபட்ச நாட்கூலி 300 பாட் என்று வைத்தது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25இல் நாளுக்கு 319 ரூபாய். ஓய்வூதியக்காரருக்கு மலிவாகத் தெரியும் அறையும் சாப்பாடும் துணிவெளுப்பும் அந்தக் கூலிக்காரரின் உழைப்பிலிருந்து வருகின்றன. கடற்கரையில் வாடகை ஏறினால் ஹோட்டலில் மேசை துடைக்கும் பெண் இன்னும் உள்ளே தள்ளிக் குடிபோகிறாள். நம் பக்கம் வளைகுடாப் பணம் வந்த இடமெல்லாம் வயல் மனையாகிறது. குத்தகைக்கு வாழை போட்டவர் வேறு நிலம் தேடுகிறார். நானும் அந்தப் பணத்தில் படித்தவன் என்பதால் இதை எழுதாமல் விட மனம் வரவில்லை.

சித்தியின் நோட்டில் ஏறாத வரவு ஒன்றும் உண்டு. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. தாமிரபரணி ஏரலுக்குள் வந்தது. ஆற்றுப்பாலத்தின் இணைப்புச் சாலை அறுந்தது. கடைத்தெருவில் பாத்திரமும் துணியும் மளிகையும் சேற்றில் கிடந்தன. சித்தப்பா வீட்டுக் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். மாடியில் இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் சோற்றுப் பொட்டலத்தோடு இடுப்பளவு தண்ணீரில் வந்தவன், கைமாற்றைத் திருப்பிக் கொடுக்காத இரண்டு பேரில் ஒருவன். கடும் பாதிப்புப் பகுதிகளில் ரேஷன் அட்டைக்கு 6,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது சித்தி அட்டையை எடுத்துக்கொண்டு போனார். அதில் சித்தப்பா பெயரைச் சேர்த்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதே நாட்களில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. சுமார் எண்ணூறு பயணிகள், சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் வீடுகளும் நனைந்திருக்க, கோயிலில் அடுப்பு மூட்டி அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த ரயிலில் வந்தவர்களில் யாரும் புதுக்குடியில் தலைக்கட்டு வரி கொடுத்தவர்கள் இல்லை.